ஒரு மாலைக்கான ரோசா

சிவப்பு ரோசாவில் கல்யாண மாலை வேண்டும் என்றார் தயாபரன். இரண்டு மணிக்குள் அது பசறைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்க வேண்டும், பிந்தினால் பிரயோசனமில்லை.

பதுளைக் கடைத்தெருவில் முப்பது வருடமாகப் பூ விற்கும் பஸீலுக்குச் சிரிப்பு வந்தது. பூ வருகிற வெலிமடையில் மூன்று நாளாக அடைமழை. வாளியில் கிடந்தது கடைசிக் கட்டு.

“நல்ல நாள் பாத்து வந்தீங்க. யாருக்கண்ணே மாலை?”

“மகளுக்கு மொதலாளி. கல்யாண மாலைன்னா செவப்பு ரோசாதான்னு சின்னதுலயே சொல்லிப்புட்டா.”

பூ கேட்கும் விதத்திலேயே ஆளின் சாமியைச் சொல்லிவிடுவார் பஸீல். சிவப்பு கேட்டால் மாரியம்மன். வெள்ளை கேட்டால் மாதா கோயில். இதழாக உதிர்த்துக் கேட்டால் தர்கா.

செடி ஒன்றுதான். விலைதான் ஆளுக்கு ஆள்.

பெண்ணைப் பெற்றவர் என்று கொஞ்சம் கூட்டியே சொன்னார். குறைத்துக் கேட்கட்டும், குறைப்போம், அதுதானே மரியாதை.

தயாபரன் குறைத்துக் கேட்கவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

பஸீல் கட்டைப் பிரித்துப் பூவைப் பார்த்தார்.

“ஒரு மாலைக்குத்தாண்ணே காணும். மாப்பிள்ளைக்குச் சாமந்தியில கட்டவா? பொறகு மனுசன் கோவிச்சுக்கிட்டுத் தாலி கட்டாமப் போயிரப்போறாரு!”

“ஒன்னு போதும் மொதலாளி.”

நார் விரலிலேயே நின்றது.

இந்த முப்பது வருடத்தில் அவரிடம் பேரம் பேசாமல் பூ வாங்கியவர்கள் சாவு வீட்டுக்காரர்கள் மட்டும்தான். கல்யாணமாகாமல் செத்த பிள்ளையைத் தோட்டத்தில் மணமாலை போட்டுத்தான் அனுப்பிவைப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.



வாடிய பூவை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுவது அவருடைய கை பழகிய வித்தை. அன்று வாடியதையெல்லாம் பொறுக்கிக் கீழே போட்டார். மாலை கொஞ்சம் மெலிந்துதான் வந்தது. சின்னப் பெண்ணின் கழுத்துக்குப் போதும்.

கட்டி முடித்த மாலைக்கு எப்போதும் குழாய்த் தண்ணீர்தான் தெளிப்பார். இன்று உள்ளே போய், போன வருடம் வாப்பாவை அடக்கிய கபுறில் தெளித்து மிஞ்சியிருந்த பன்னீர்ப் போத்தலை எடுத்துவந்தார்.

மூடியைத் திறந்ததும் தயாபரன் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார்.

“கொஞ்சமாத் தெளிங்க மொதலாளி. வாசம் கூடுனா அவளுக்குத் தும்மல் வரும்.”