நமுத்த காகிதம்

ஜெராக்ஸ் மெஷின் மறுபடியும் பேப்பரை மென்று துப்பியது. இந்த முறை, தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டிய அறிக்கையின் கடைசிப் பக்கம்.

மெக்கானிக் வந்தார். மெஷினின் வயிற்றைத் திறந்து ரோலரைத் துடைத்தார். கசங்கிக் கிடந்ததை எல்லாம் உருவி எடுத்தார். பிறகு ட்ரேயில் இருந்த தாளை விரலால் வருடிப் பார்த்தார்.

“மெஷின் மேல தப்பில்ல சார். பேப்பர்தான் நமுத்திருக்கு. தரையில போட்டு வச்சிருக்காங்க. நடுவுல பாருங்க, யாரோ மிதிச்ச மாதிரி வளைஞ்சு கிடக்கு.”

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைக் கூப்பிடச் சொன்னார்.

அக்கா வருவதற்குள் ஆபீசே கூடிவிட்டது. வேடிக்கை என்றால் நம் ஆட்களுக்கு ஃபைல் தானாக மூடிக்கொள்ளும். மேனேஜர் மாடிப்படியில் ஒரு படி ஏறி நின்றார். யாரைத் திட்டுவதென்றாலும் அவருக்கு அந்தப் படி வேண்டும். ஆபீசில் அவருக்கு ‘முக்கால்’ என்று பெயர். எந்தப் புண்ணியவான் வைத்தானோ, அவர் காதுக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து நாலு பேர் நின்று சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொள்வார், பாவம்.

“காகிதம் என்ன கால்மிதியாம்மா உங்களுக்கு?”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“யார் மிதிச்சது? அதையாவது சொல்லுங்க.”

அக்கா வாயைத் திறந்தார். சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டார்.

“என் கவனக்குறைவுதான் சார். இனிமே பார்த்துக்கறேன்.”

சரியான அழுத்தக்காரி என்று டைப்பிஸ்ட் முணுமுணுத்தார். மேனேஜருக்கும் அப்படித்தான் பட்டது. இன்னொரு தடவை மெஷினில் பேப்பர் மாட்டினால் அக்காவுக்குக் குடோன்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். குடோன் ஊருக்கு வெளியே இருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவருக்கு மத்தியானம் ஓடிப்போய்ச் சாப்பாடு ஊட்டிவிட்டு வருகிறவர் அக்கா. குடோனுக்குப் போனால் அது நடக்காது. மேனேஜருக்கும் இது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

“எந்த மூலையில பேப்பர் கட்டு கிடந்தாலும் இப்பவே அலமாரிக்குப் போகணும். தரையில ஒரு கட்டுகூட இருக்கக் கூடாது.”

“ஒண்ணுகூடவா சார்?”

“ஒண்ணுகூட.”

அக்கா தலையாட்டிவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. மேனேஜர் மெக்கானிக்கோடு நின்று புதுக் கட்டு ஒன்றைப் பிரித்துப் போட்டு ஓட்டிப் பார்த்தார். மெஷின் சமர்த்தாக வேலை செய்தது. பார்த்தாயா, அதட்டினால்தான் எதுவும் நடக்கும் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு, தன் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கால் தரைக்கு எட்டவில்லை.

அந்தப் பழைய மர நாற்காலியும் மேஜையும் அவருக்கு முன்னால் இருந்த ஆறடி மனிதருக்காகச் செய்தவை. இவர் வந்த நாளிலிருந்தே மேஜைக்கு அடியில் துணி சுற்றி ஏதோ ஒன்று காலுக்குப் பதமாக இருந்தது. பலகை என்று நினைத்திருந்தார். குனிந்து பார்த்ததில்லை.

இப்போது குனிந்தார். தரை துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. அதன் மேல் அந்தத் துணி மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. காகிதம் வாங்குவதைப் பாதியாகக் குறைத்தது அவர்தான். தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் அக்கா இங்கிருந்த பேப்பர் கட்டை எடுத்து மெஷினில் போட்டிருக்க வேண்டும். புதிதாக வந்ததும் மறுபடி இங்கே வைத்திருக்க வேண்டும். ஒரு பலகை வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தால், யாருக்கு, எதற்கு என்று நாலு மேஜை ஏறி இறங்கியிருக்கும். சிரிக்க நாற்பது பேர் கிடைத்திருப்பார்கள்.

அக்காவைக் கூப்பிட்டார். அவர் வந்து நின்றதும் மேனேஜர் நாற்காலியிலிருந்து இறங்கி நின்றார்.

“நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?”

அக்கா திரும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில் சொன்னார்:

“எல்லாரும் நின்னுக்கிட்டு இருந்தாங்களே சார்.”