பின்சீட்டுக்குக் கீழே

சகாயராஜின் பழைய கார் புகைப் பரிசோதனையில் தேறவில்லை. நேராக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிவந்தான். பின்சீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் அயர்ந்து தூங்கினார்கள். வெயிலுக்கு ஏசி ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்காமல் இறங்கினான்.

வண்டிக்கடியில் டார்ச்சோடு படுத்த மெக்கானிக் தனுஷ்கோடி அங்கிருந்தே சொன்னார். “புகைக்குழாய் இத்துப்போய் ஓட்டை விழுந்திருக்கு தம்பி. பின்சீட்டுக்கு நேர் கீழ. புகை பூரா உள்ளதான் ஏறுது. பின்னால யாரையும் உக்கார வச்சிராதீங்க.”

சகாயராஜ் கதவைப் பிடித்து இழுத்தான்.

“ஜெசி. ஏய், ஜெசி.”

தோளை உலுக்கிய பிறகுதான் அவள் கண் திறந்தாள். “தலை சுத்துதுங்க” என்று குழறினாள். தனுஷ்கோடி ஓடிவந்து அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார். சகாயராஜ் குழந்தையை வாரியெடுத்தான். அதன் கை அவன் தோளில் துவண்டு கிடந்தது.

“அழுடா கண்ணு” என்று முதுகைத் தட்டினான். “ஒரே ஒரு தடவ அழுதிரு.”