மடங்கும் விரல்கள்

டாக்டர் சிரித்தாரா, இல்லை சிரித்ததாக நான்தான் பின்னால் சேர்த்துக்கொண்டேனா, சரியாகச் சொல்ல முடியவில்லை. மற்றதெல்லாம் கண்முன் நிற்கிறது. திண்டுக்கல்லில் மாலை ஐந்து மணி. விடிகாலையில் பெயர் கொடுத்து, பகல் முழுக்கக் காத்திருந்து, இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறோம். இவர் மூன்றாவது டாக்டர். ஜன்னல் வெயில் மேசைக் கண்ணாடியில் கிடக்கிறது. அதன்மேல் என் மனைவி இசைவாணி இரண்டு கைகளையும் நீட்டியிருக்கிறாள். “மடக்கும்மா” என்கிறார். விரல்கள் மெல்ல மடங்குகின்றன. தன் கையே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதுபோல் அவற்றைப் பார்க்கிறாள். “நல்லாத்தானே மடங்குது?” “காலையில மடங்காது சார். ஒரு மல்லிகை மொட்டு கிள்ள முடியல. எந்நேரமும் அம்புட்டு அசதி.” “அப்பச் சாயங்காலமாப் பூப் பறிங்க” என்கிறார். “சாயங்காலம் மொட்டு விரிஞ்சிரும் சார்” என்கிறாள், அவருக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுப்பவளாக. மின்விசிறிக் காற்று ரத்தப் பரிசோதனைத் தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அவர் சத்து மாத்திரை எழுதுகிறார். இன்று காலை அவள் ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டிவிட்டது நான்தான். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து மதுரையில் ஒரு டாக்டர் காலை நேரத்தில் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்து, முடக்குவாதம் என்றார். அதற்குள் விரல்கள் கோணிவிட்டன. மல்லிகைத் தோட்டம் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. திண்டுக்கல் டாக்டரிடம் இன்றும் கூட்டம். கொக்கிகளை நான்தான் மாட்டுகிறேன், காலையிலும் மாலையிலும்.