ரெண்டு மடிப்பு நெட்துணி

“வயித்த மூடிக்கினு ஆடறதுக்கு என்னாத்துக்குடி பெல்லி டான்ஸு? பேசாம கும்மி அடிச்சிட்டுப் போயிடலாமே!”

சண்டே மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள் ஜெயம். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் இருபது வருஷமாக மீன் ஏலத்தில் கத்திப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது.

சரிதாவுக்கு முகம் சுண்டிப்போனது. “வயித்துப் பக்கம் கொஞ்சம் துணி வெச்சித் தச்சிக்கலாமாக்கா?” என்றுதான் கேட்டிருந்தாள். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் குடலில் ஓர் அவசர ஆபரேஷன். தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை பூரான் ஊர்ந்த மாதிரி ஒரு தழும்பு. அதன் பிறகு கண்ணாடி முன்னால் நின்று புடவை கட்டுவதையே விட்டுவிட்டாள். லாஸ்பேட்டையில் சிவசங்கரியின் டான்ஸ் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் இது தன் உடம்பு என்ற நினைப்பே திரும்ப வந்தது. மகளிர் தினத்துக்கு மேடை ஏறப் போகிறார்கள். பெண்கள் மட்டும் பார்க்கிற நிகழ்ச்சிதான். ஆடவேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் அந்தத் தழும்பைக் காட்டிக்கொண்டா? செத்தாலும் முடியாது.

ஜெயம், அமிர்தவல்லி எல்லாரையும் சேர்த்து வகுப்பில் ஆறு பேர். ஆளுக்கு எண்ணூறு ரூபாய்க்குள் டிரஸ் என்று முடிவு. ரெடிமேடாக வாங்கினால் இடுப்புப் பட்டைக்கே அது காணாது. அதனால்தான் பேரம் பேச ஜெயம்.

வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி அவள் ஒவ்வொரு துணியையும் பிரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

“பளபளன்னு வேணாம், குண்டாக் காட்டும். இந்த அரக்குக் கலர எடு. பட்டைய தொப்புளுக்கு நாலு விரக்கட கீழ, நடுவுல எறக்கிக் கட்டுனா இடுப்பு சின்னதாத் தெரியும். அமிர்தவல்லி, ஒனக்கு இடுப்புல குஞ்சம் வேணாம்டி, ஏற்கெனவே தாராளமா இருக்குது. பழைய பாடி இருந்தா எடுத்தாங்க. மேல துணி போத்தி ஜமிக்கி தச்சிக்கலாம்.”

அங்கிருந்து நேராக டெய்லர் தனக்கொடியின் கடை. இடுப்பளவு எடுக்க தனக்கொடி சரிதாவின் டாப்ஸைச் சட்டென்று தூக்கிவிட்டாள். எதிரே ஜெயம்.

ஜெயத்தின் பார்வை தழும்பில் விழுந்தது. வாய் திறந்தது. பிறகு திரும்பி ஜமிக்கிப் பாக்கெட்டை நோண்ட ஆரம்பித்தாள்.

அவள் பேசாமல் இருந்ததுதான் சரிதாவுக்குப் பயமாக இருந்தது. ஜெயம் வாயில் விழுந்த சேதி பிள்ளைச்சாவடியில் சரிதாவின் வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேர எத்தனை நேரம் ஆகும்?

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தாள். ‘மேடம், என்னால் ஆட வர முடியாது. மன்னிச்சிடுங்க’ என்று சிவசங்கரிக்கு டைப் செய்தாள். அனுப்ப மனசு வரவில்லை. கண் கலங்க அதையே பார்த்துக்கொண்டு இருந்தபோது, வகுப்பு குரூப்பில் சிவசங்கரியின் குரல் பதிவு வந்து விழுந்தது.

“எல்லாரும் கேளுங்க. வயித்துக்கு அரக்கு நெட்துணிய ரெண்டு மடிப்பா வெச்சி, மேல ஜமிக்கி வெச்சித் தைக்கிறோம். ஆறு பேருக்கும் ஒரே மாதிரி. ஜெயம் அக்கா வயித்துல ஆபரேஷன் தழும்பு இருக்காம். வெளிய தெரிஞ்சா கூச்சமா இருக்குதாம். அவங்களே சொல்லச் சொன்னாங்க, அதான் சொல்றேன்.”

அப்பாடா!

சரிதா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டைப் செய்ததை அழித்தாள். எழுந்துபோய் ரெண்டு செம்பு தண்ணீர் குடித்தாள். ரெண்டு மடிப்பு என்றால் ஒன்றுமே தெரியாது!

கொஞ்ச நேரம் கழித்து சிரிப்பு வந்தது. ஜெயத்துக்கும் ஒன்று இருப்பதால்தான் டெய்லர் கடையில் அப்படிப் பார்த்தாளா? சண்டே மார்க்கெட்டில் என்ன பேச்சுப் பேசினாள்!

அடுத்த வகுப்பில் அமிர்தவல்லி விடவில்லை.

“யக்கா, கும்மி அடிக்கலாம்னு யாரோ சொன்னாங்களே, யாருக்கா அது?”

எல்லாரும் சிரித்தார்கள். சரிதாவும் சிரித்தாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள்.

“சிரிங்கடி சிரிங்க” என்றபடி ஜெயம் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

விழா அன்று கல்யாண மண்டபத்தின் மணமகள் அறைதான் மேக்கப் ரூம். மற்ற நாலு பேரும் தயாராகி மேடைப் பக்கம் போய்விட்டார்கள். சரிதா வழக்கம்போல் சுவரைப் பார்த்து நின்று உடை மாற்றினாள். அரக்கு நெட்துணி வயிற்றைப் பொத்திக்கொண்டது. கண்ணாடியைப் பார்த்தாள். இடுப்பு நிஜமாகவே சின்னதாகத் தெரிந்தது. ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன்னை அவளுக்குப் பிடித்திருந்தது.

அதே கண்ணாடியில், பின்னால் ஜெயம் தெரிந்தாள். அறையின் நடுவே நின்று, கூச்சநாச்சம் இல்லாமல் நைட்டியைக் கழற்றிக் கடாசிவிட்டு நெட்துணி டிரஸைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பானை மாதிரி உருண்டை வயிறு. வழவழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

சரிதா சட்டென்று திரும்பினாள். அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தது ஞாபகம் வந்து நெஞ்சில் குத்தியது.

“அக்கா... ஒங்க தழும்பு எங்கக்கா?”

ஜெயம் கதவுப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. இருபது வருஷம் ஏலத்தில் கத்திய தொண்டை, அன்றைக்கு மெதுவாகப் பேசியது.

“அதான் ஒங்கிட்ட ஒண்ணு இருக்குதே, ஆறு பேருக்கு அது போதாதா? திரும்பு, கொக்கி மாட்டி வுடறேன்.”