ஹரிதாஸ் வீட்டு மருமகன்கள்

குடும்பம் என்பது இரத்தத்தால் அமைவதல்ல, அன்பால் அமைவது. இந்த மகத்தான உண்மை ஹரிதாசுக்குப் புலப்பட்டது, மதிப்பீட்டு வரி அதிகாரி தன் வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோதுதான்.

தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய அந்த வீட்டின் கூடத்தில்தான் அவருடைய சாப்பாட்டுக்கடை. வெறும் வீடு என்றால் வரி குறைவு. கடையும் சேர்ந்தால் அதிகம். அதிகாரி குனிந்து நிமிர்வதற்குள் ஹரிதாஸ் பெயர்ப்பலகையைப் பாராங் கத்தியால் இரண்டாகப் பிளந்துவிட்டார்.

"இது வீடு சார். உக்காந்து சாப்பிடுறது பூரா என் குடும்பம்லா."

அந்த நேரம் பார்த்து லோரி ஓட்டும் தர்மா கை கழுவிவிட்டு வந்தான். "அண்ணே, எவ்வளவு?"

பளாரென்று அறை விழுந்தது. "மாமன் வீட்டுல சாப்பிட்டுட்டு எவ்வளவுன்னா கேக்குற?"

தர்மா கன்னத்தைத் தடவிக்கொண்டு யோசித்தான். "மாமாவா? அப்ப குடும்பத்துக்குள்ள இதெல்லாம் சகஜம்லா" என்று ஹரிதாசின் மூக்கில் ஒரு குத்து விட்டான். நேற்றைய மீன்கறியைச் சூடாக்கிப் போட்ட கோபத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற மருமகன்களும் எழுந்தார்கள். நாற்காலி ஒன்று ஹரிதாசின் முதுகில் உடைந்தது.

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, தடுங்க சார்."

"குடும்பச் சண்டையில வெளியாளு தலையிடக்கூடாதுங்க" என்றார் அதிகாரி.

எல்லாரும் போன பிறகு ஹரிதாஸ் ஒரு பல்லைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார். "இப்பவாச்சும் வீடுன்னு எழுதிக்குங்க சார்."

அதிகாரி சங்கடத்தோடு சப்பாத்தை மாட்டிக்கொண்டார். "இன்னிக்கு எனக்கு லீவுங்க."

அவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.