இடது தடம்

இண்டியானாவின் சோளக்காடுகளுக்கு நடுவே, கார்கள் இரண்டிரண்டாக நேர்கோட்டில் சீறிய எங்கள் ஊர்ப் பந்தயத் தடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. அதை நடத்திவந்த மெர்லின் இடது தடத்தில் ஓட்டிய கார், முடிவுக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் சோளத்துக்குள் ஓடி அவர் செத்துப்போனதும் கேட்டைப் பூட்டியவள் அவர் மனைவி ஜோலீன். இப்போது அதைத் திரும்ப நடத்த ஒருவர் கேட்கிறார். பதில் சொல்லுமுன் ஒருமுறை பார்த்துவிடலாமென்று, மேகம் மூடிய இந்தப் பிற்பகலில் தம்பி வெண்டலோடு வந்து நிற்கிறாள். காற்றே இல்லை. விளக்குக் கம்பத்தில் குருவி கூடு கட்டியிருக்கிறது, கான்கிரீட் வெடிப்புகளில் புல். இடது தடத்தில் மட்டும் டயர் தேய்ந்த கருப்புக் கோடுகள், ஈரம்போல் மின்னுகின்றன. "எவனாவது பூட்டை உடைச்சுட்டு வந்து ஓட்டியிருப்பான்க்கா." "பூட்டை இப்பதானே திறந்தேன். துரு கொட்டுச்சே, நீ பாக்கலையா?" குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை வைக்கிறாள். சுடுகிறது. வலது தடத்தைத் தொட்டுப் பார்க்கிறாள், ஜில்லென்று இருக்கிறது. கருப்புக் கோடுகள் எங்கேயும் தயங்காமல் கடைசிவரை போய்ச் சோளத்துக்குள் நுழைகின்றன. அங்கே ஒரு சோளத்தட்டைகூடச் சாயவில்லை. வெண்டல் சிரிக்கப் பார்க்கிறான், வரவில்லை. "அந்த ஆளுகிட்ட என்னக்கா சொல்றது?" ஜோலீன், கார்கள் புறப்படும் கோட்டையே பார்த்துக்கொண்டு அவன் சட்டைக் கையைப் பிடிக்கிறாள். "வேண்டாம்னு சொல்லிடு. முதல்ல இந்தப் பக்கம் வா, வழியில நிக்காத." ஏனென்று கேட்காமல் அவன் புல்லில் இறங்குகிறான்.