சத்தக்காரி

“ஏம்மா, இது விசாரணை நடக்கிற இடமா, மீன் சந்தையா?”

தாசில்தார் இராஜாங்கம் மேசையைத் தட்டினார். தங்கம்மாள் குரலைத் தணிக்கவில்லை.

“நான் உழற நிலம்! எம் பேருல பதியணும்!”

திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமச் சாவடி. குத்தகைக்கு உழுகிறவர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்த புதிது.

எதிரே நிலத்துக்காரர் பஞ்சநதம். வெள்ளை வேட்டி, பட்டை விபூதி, உதட்டில் புன்னகை. ஒரு வார்த்தை பேசவில்லை.

‘எவ்வளவு கண்ணியமான மனிதர்! இவரைப் பார்த்தா இப்படிக் கத்துகிறாள்?’ இராஜாங்கத்துக்கு எரிச்சலாக வந்தது.

பஞ்சநதத்தின் காரியக்காரர் வைரக்கண்ணு எழுந்தார். அவர் குரல் அவ்வளவு பதமாக இருந்தது.

“சொந்தப் பண்ணை சார். இந்தம்மா கூலிக்கு வந்த ஆள். என்னங்கய்யா?”

பஞ்சநதம் சிரித்தபடி தலையாட்டினார்.

‘இதுவல்லவா பேச்சு!’ இராஜாங்கம் பேனாவை எடுத்தார்.

“எழுதாதீங்க!” தங்கம்மாள் பஞ்சநதத்தின் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

“தலையாரி, இந்தம்மாவை வெளியே கூட்டிட்டுப் போ!”

தலையாரி கையைப் பிடித்தார். அவள் உதறினாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள்.

“அய்யா! எம் புருசன் போனப்புறம் உங்க ஆத்தங்கரை வயலைக் குத்தகைக்கு உழறது யாரு? உங்க வாயால சொல்லுங்க!”

பஞ்சநதத்தின் புன்னகை மறைந்தது.

“இதென்ன கேள்வி? நீதான். உழச் சொன்னதே நான்தானே?”

வைரக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். தங்கம்மாள் பெயர் பதிவானது.

ஜீப்பில் ஏறப்போன இராஜாங்கத்தின் பின்னால், “ரொம்ப நன்றிங்கய்யா” என்று ஒரு மெல்லிய குரல். திரும்பினால், தங்கம்மாள்!

“இவ்வளவு மெதுவாப் பேச வருமா உனக்கு? அப்புறம் ஏன் உள்ளே அந்தக் கத்து கத்தினே?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“உங்களோட இருக்கட்டுமுங்க. பண்ணை அய்யாவுக்குக் காது மந்தம், கத்தினாத்தான் கேக்கும். வெளியில தெரியக் கூடாதுன்னு சிரிச்சுத் தலையாட்டியே சமாளிப்பாரு. அது காரியக்காரருக்குத் தெரியும். அதான் மெதுவாப் பேசினாரு.”

“இதை அங்கேயே சொல்லியிருந்தா நான் உன்னைத் திட்டியிருக்க மாட்டேனே, தாயி!”

“அத்தனை பேர் முன்னால சொன்னா மனுசன் ஒடிஞ்சு போயிடுவாருங்க. எனக்குத் திட்டு ஒண்ணும் புதுசில்லையே!”